இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒரு தின்பண்டத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். போன மாதம் வேர்க்கடலை. அதற்கு முந்தின மாதம் வெள்ளரிக்காய். அது தின்பண்டமா காய்கறியா என்று இரண்டு துறைகளுக்குள் தகராறு வந்து, பாதி மாதத்திலேயே வெள்ளரிக்காயை இறக்கிவிட்டார்கள். இந்த மாதம் பாப்கார்னின் முறை. வாசலில் இரண்டாள் உயரத்துக்கு ஒரு பாப்கார்ன் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘சுவையும் உண்டு, ஆரோக்கியமும் உண்டு’. லிஃப்டுக்குள் பாப்கார்ன், மாடிப்படிக் கைப்பிடியில் பாப்கார்ன், ரத்தம் எடுக்கும் அறையின் கதவில்கூடச் சிரிக்கிற பாப்கார்ன். ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ஒரே பொருள் பாப்கார்ன்தான் என்பது தையல்காரிக்கு அப்போது தெரியாது.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். அவள் புருஷன் சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுகிற வேலையில் இருந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் டார்ச் அண்ணன். இருட்டிலேயே வேலை பார்த்துப் பழகியதால் பகலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்து, ஆளை உரித்துப் போட்டுவிட்டுப் போனது. காய்ச்சல் இறங்கிவிட்டது, ரத்தமும் சுத்தமாகிவிட்டது. ஆனால் போகும்போது பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதை வாயில் வைத்தாலும் சாக்பீஸ் மாதிரி இருக்கிறது என்று துப்பினார். கஞ்சியா, சாக்பீஸ். பழச்சாறா, கரைத்த சாக்பீஸ். அவருடைய சட்டைகளைத் தையல்காரி ஒருமுறை பிடித்துத் தைத்தாள். அதுவும் தொளதொளத்தது. இனி பிடிக்கத் துணியில்லை என்கிற அளவுக்கு ஆனதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

வார்டு டாக்டர் நல்ல மாதிரிதான். வயிற்றில் ஒன்றும் கோளாறில்லை, மெல்ல முடிகிறது, விழுங்க முடிகிறது, அவராக மனசு வைத்து எதையாவது சாப்பிட்டால் போதும் என்றார். இந்த வாரத்துக்குள் சாப்பிடவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் விடவேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வார்டு டிவியில் விடிந்தது முதல் அடைகிற வரை ஒரே படம் ஓடியது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் கிண்ணத்தில் பாப்கார்னை வைத்துக்கொண்டு, இது முழுத் தானியம், இதில் நார்ச்சத்து நிறைந்திருக்கிறது, சூடான காற்றில் பொரித்து உப்பைக் குறைத்துச் சாப்பிட்டால் இதைவிட நல்ல நொறுக்குத்தீனி கிடையாது என்று சொல்லி, ஒன்றை எடுத்துக் கடிப்பாள். கறுக் என்று சத்தம் வரும். படம் முடியும். மறுபடி தொடங்கும். எதிர்க் கட்டில் பெரியவர் தூக்கத்தில் ‘நார்ச்சத்து, நார்ச்சத்து’ என்று புலம்புகிற அளவுக்கு அது எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

டார்ச் அண்ணன் சுவரைப் பார்த்தே படுத்திருப்பவர். ஒருநாள் மத்தியானம் அந்தக் கறுக் சத்தம் வந்தபோது திரும்பிப் படுத்தார்.

“ஏம்மா,” என்றார், “அது கொஞ்சம் கெடைக்குமா?”

தையல்காரிக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு ஓடினாள்.

சோள முத்து வாங்கி, பொரித்து, சூடு ஆறாமல் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். வாசல் காவலாளி பையை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். வெளித் தின்பண்டம் உள்ளே போகக் கூடாது என்றார். அவள் அவர் தலைக்கு மேலே இருந்த இரண்டாள் உயரப் படத்தைக் காட்டினாள். காவலாளியும் நிமிர்ந்து, முதல் தடவை பார்ப்பவர் போல, அதைப் பொறுமையாகப் படித்தார்.

“அது விழிப்புணர்வுக்கு வச்சதுக்கா,” என்றார். “இங்க விழிப்புணர்வுதான் குடுக்கறாங்க. பாப்கார்ன் குடுக்கறதில்ல.”

அப்படியானால் உள்ளே எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். உணவுத் துறையைக் கேட்கச் சொன்னார். பையை வாங்கி அவள் கண்ணெதிரிலேயே குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். வேலைக்கு வஞ்சகம் செய்யாத மனிதர். கவிழ்த்துவிட்டுப் பையை நன்றாக உதறி, மடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

உணவுத் துறையில் உட்கார்ந்திருந்தது டிவியில் வந்த அதே வெள்ளைக் கோட்டு அம்மாள். தையல்காரிக்கு உயிர் வந்தது. சொந்தக்காரியைப் பார்த்ததுபோல் கையெடுத்துக் கும்பிட்டு நடந்ததைச் சொன்னாள். உணவு நிபுணர் பரிவோடு தலையாட்டிக் கேட்டார். தன் படத்தைப் பார்த்து ஒரு நோயாளிக்கு ஆசை வந்தது என்பதில் அவருக்குச் சந்தோஷம். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அதன் பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“இங்க பாருங்கம்மா. பாப்கார்ன் ஒரு சிற்றுண்டி. சிற்றுண்டின்னா என்ன? ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல சாப்பிடறது. உங்க வீட்டுக்காரர் காலைல சாப்பிட்டாரா?”

“இல்லீங்க.”

“மத்தியானம்?”

“அவர் எதுவுமே சாப்பிடறதில்லீங்க. அதனாலதானே கேக்கறேன்.”

“ஒரு சாப்பாடும் இல்லாம நடு எங்கேருந்து வரும்? நடுவே இல்லாத ஆளுக்கு நான் எப்படிச் சிற்றுண்டி குடுக்கறது? முதல்ல ரெண்டு வேளை வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்க. நடுவுல நான் குடுக்கறேன்.”

இரண்டு வேளை வயிறாரச் சாப்பிடுகிறவர் எதற்காக இங்கே படுத்திருக்கப் போகிறார் என்று தையல்காரிக்குக் கேட்கத் தோன்றியது. அதற்குள் அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். பாப்கார்ன் ஆரோக்கியமானவர்களுக்கு நல்லது என்றுதான் ஆராய்ந்திருக்கிறோம், நோயாளிக்கு நல்லதா என்று இந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை, நோயாளிகள் வேறு பிரிவு என்றார். வேண்டுமானால் டாக்டர் எழுதித் தரட்டும் என்று முடித்தார்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். தாராளமாகக் கொடுங்களேன் என்றார். ஆனால் ஆஸ்பத்திரியில் தாராளம் என்று ஒரு வழி இல்லை. அவர் எழுதினால் அது மருந்து. எழுதாவிட்டால் அது வெளித் தின்பண்டம். கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, மருந்தாகவே எழுதுகிறேன் என்று எழுதினார். பாவம், உதவி செய்யத்தான் நினைத்தார்.

மருந்தகத்தில் அந்தச் சீட்டு கை மாறிக் கை மாறி உள்ளே போனது. உள்ளே பெரிய யோசனை நடந்தது. மருந்து என்றால் அளவு வேண்டும், அளவு வேண்டுமென்றால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பாப்கார்னோ ஒன்று போல் ஒன்று பொரிவதில்லை. கடைசியில் மருந்தாளர் வந்து, கவலைப்படாதீர்கள், ஏற்பாடு செய்துவிட்டோம் என்றார். மறுநாள் வார்டுக்குச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் வந்தன. பொரித்து, அரைத்து, சலித்து, உப்பு நீக்கிய பாப்கார்ன் பொடி. மேலே ஒட்டியிருந்த தாளில், ‘உணவுக்குப் பின்’ என்று அச்சடித்திருந்தது.

நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுத் தையல்காரியைப் பார்த்தாள். வேறு வழி தெரியாமல் பொடியைக் கஞ்சியில் கலக்கி ஒரு கரண்டி அவர் வாயில் வைத்தார்கள். டார்ச் அண்ணன் ஆசையோடு வாயைத் திறந்தார். மூடினார். நாக்கில் அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தேடினார். அப்புறம், மனைவி மனம் நோகக் கூடாது என்றோ என்னவோ, துப்பாமல் விழுங்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பாப்கார்ன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. டிவியில் கறுக் சத்தம் வந்தபோதும் திரும்பவில்லை. தையல்காரி பயந்தது அப்போதுதான். காய்ச்சலுக்குக்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை. கேட்கிற வரைக்கும் மனிதர் இங்கேதான் இருக்கிறார் என்று ஒரு தைரியம் இருந்தது. கேட்காமல் போனதும், கட்டிலில் இருப்பது சட்டை மட்டும்தானோ என்று தோன்றியது. படிக்கட்டில் போய் உட்கார்ந்து, கைப்பிடியில் ஒட்டியிருந்த பாப்கார்ன் படத்தை நகத்தால் சுரண்டினாள். அது கெட்டியாக ஒட்டியிருந்தது.

படிக்கட்டில் இருக்கும்போதுதான் வாசனை வந்தது. படத்தில் வரும் வாசனை இல்லை. நிஜமாகவே சோளம் பொரிகிற வாசனை.

கீழே அரங்கத்தில் விழா. மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மெஷின் சடசடவென்று பொரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. முன் வரிசையில் விருந்தாளிகளுக்குக் கிரீம் கேக்கும் பஜ்ஜியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரி சுவரோரமாக நின்றாள். ஆஸ்பத்திரியின் டீன் ஒரு பிடி பாப்கார்னை அள்ளி வாயருகே கொண்டுபோய்ச் சிரித்தார். கேமராக்காரர் தலையாட்டியதும் பிடியை அப்படியே கிண்ணத்தில் திருப்பிப் போட்டார். அவருக்குப் பின்னால் வந்த பெரியவர்களும் வரிசையாக அள்ளிச் சிரித்துத் திருப்பிப் போட்டார்கள். பிறகு டீன் பேசினார்.

“உலகத்துல எத்தனையோ ஆஸ்பத்திரி நோயாளிகளைக் குணப்படுத்துது. அது பெரிய காரியமில்ல. நம்ம லட்சியம் அதவிடப் பெருசு. ஆஸ்பத்திரிக்கே வராத மனுஷனை உருவாக்கறது. ஆரோக்கியமா இருக்கறவங்களை ஆரோக்கியமா வச்சுக்கறதுலதான் நம்ம கவனம் முழுக்க இருக்கணும். உண்மையைச் சொல்லணும்னா, நோயாளிங்கதான் அப்பப்ப நம்ம கவனத்தைச் சிதறடிக்கறாங்க.”

கைதட்டல் எழுந்தது. யாராவது கேள்வி கேட்கலாம் என்றார்கள். தையல்காரி கையைத் தூக்கியது அவளுக்கே தெரியவில்லை. மைக் வந்துவிட்டது. தன் வீட்டுக்காரர் மேலே படுத்திருக்கிறார், எதையும் சாப்பிடாதவர் பாப்கார்ன் கேட்டார், ஒரு கை கிடைக்குமா என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, கூடம் முழுக்கக் கேட்டது.

டீன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கனிவாகச் சிரித்தார்.

“நல்ல கேள்விம்மா. ஆனா பாருங்க, உங்க வீட்டுக்காரர் உள்ள வந்துட்டார். இந்தத் திட்டம் வராதவங்களுக்கு. உங்க வீட்டுக்காரர், மன்னிக்கணும், திட்டத்தோட கணக்குல தோல்வி.”

அதற்கும் சிலர் கைதட்டினார்கள். பழக்கதோஷம்.

விழா முடிந்ததும் துப்புரவு ஆட்கள் கிண்ணத்தில் இருந்ததையெல்லாம் மஞ்சள் பைக்குள் கொட்டத் தொடங்கினார்கள். பல கை பட்டதாம், தூக்கிப் போட வேண்டுமாம். தையல்காரி கெஞ்சினாள். இது நிகழ்ச்சிப் பொருள், சாப்பாட்டில் சேர்த்தி இல்லை என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மெஷினுக்குள், யார் கையும் படாமல், கடைசியாகப் பொரிந்த கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்தாள். கைக்குட்டையில் அள்ளி முடிந்துகொண்டு ஓடினாள். வாழ்க்கையில் அவள் திருடிய முதல் பொருள் அது.

லிஃப்ட் வாசலில் அதே காவலாளி. கைக்குட்டையைப் பார்த்தார். எங்கே எடுத்தாய் என்று கேட்டார். கீழே, டீனுடைய மெஷினில் என்றாள். காவலாளி யோசித்தார். வெளியிலிருந்து உள்ளே வரும் தின்பண்டத்துக்குத்தான் தடை. உள்ளேயே பிறந்த தின்பண்டத்துக்கு என்ன விதி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விட்டுவிடலாம் என்றுதான் அவருக்கு இருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது. லிஃப்ட் கதவு திறந்தது. “போங்கக்கா” என்று சொல்ல வாயெடுத்தவர், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று வாக்கி டாக்கியை எடுத்தார்.

கேட்டதுதான் தப்பு. அந்தப் பக்கம் கேள்வி மேலே போயிற்று. அங்கேயிருந்து இன்னும் மேலே. அவளை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி மெதுவாக வந்தார். விதிப்படி மாதிரி எடுக்க வேண்டும் என்று கையுறை மாட்டினார். மாதிரி எடுக்கிற டப்பா பெரிது. கைக்குட்டையில் இருந்தது கொஞ்சம். மாதிரி எடுத்து முடித்தபோது கைக்குட்டையில் மிஞ்சியது ஒரு எண்ணெய்க் கறை. முடிவு நல்லபடியாக வந்தால் தகவல் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு அதிகாரி நடையைக் கட்டினார். காவலாளி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

மேலே போனபோது குழாய் விட்டிருந்தார்கள்.

மூக்கிலிருந்து கன்னத்தில் ஒட்டி, காதைச் சுற்றி அது போயிருந்தது. இழுத்துவிடக் கூடாது என்று இரண்டு கையிலும் துணி உறை மாட்டிக் கட்டியிருந்தார்கள். உறையின் தையல் கோணல் என்பது ஏனோ அவள் கண்ணில் முதலில் பட்டது. டார்ச் அண்ணன் அவளைப் பார்த்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோல் இருந்தது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உறை போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூட வரவில்லை. தோற்றவர்களுக்கு வருகிற ஒருவித அமைதி மட்டும் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் உணவு நிபுணர் முகமெல்லாம் பல்லாக வார்டுக்குள் வந்தார். பின்னால் ஒரு கேமராக்காரர். கையில் ஒரு பாட்டில்.

“வாழ்த்துகள்மா. இப்ப உங்க வீட்டுக்காரர் வேளை தவறாம சாப்பிடறார். அதனால நடு வந்துடுச்சு. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் பாருங்க.”

பாட்டிலில் பழுப்பாக ஏதோ இருந்தது. பாப்கார்ன் சாறு என்றார். குழாயில் அடைக்காமலிருக்க நைசாக அரைத்து வடிகட்டியதாம்.

“நார்ச்சத்துன்னீங்களே,” என்றாள் தையல்காரி.

“அது வடிகட்டறப்ப போயிடும்.”

“ருசி?”

“ருசி நாக்கு வழியா சாப்பிடறவங்களுக்கு. இது நேரா வயித்துக்குப் போகுது.”

“சுவையும் உண்டு, ஆரோக்கியமும் உண்டுன்னு வாசல்ல போட்டிருக்கீங்களேம்மா.”

“அது போஸ்டர்மா,” என்றார் உணவு நிபுணர். கொஞ்சமும் குரூரம் இல்லாமல், தெரியாத குழந்தைக்குச் சொல்லித் தருகிற குரலில் சொன்னார். பிறகு, நோயாளியின் முகம் இந்தப் பக்கம் தெரிகிற மாதிரி தலையணையை நகர்த்த முடியுமா என்று கேட்டார்.

தையல்காரி எழுந்து கட்டிலுக்கும் கேமராவுக்கும் நடுவே நின்றாள். நர்ஸைக் கூப்பிட்டு, குழாயை எடுத்துவிடு, நாங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்றாள்.

டாக்டர் ஓடி வந்தார். என்னவெல்லாம் ஆகலாம் என்று சொன்னார். எல்லாம் நியாயமான வார்த்தைகள். அவளுக்கும் பயம்தான். டாக்டர் கடைசியில் டார்ச் அண்ணனிடமே குனிந்து கேட்டார். இருக்கிறீர்களா, போகிறீர்களா. அவர் உறை போட்ட கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். இருட்டில் எத்தனையோ பேருக்கு வழி காட்டிய கை அது. நர்ஸ் வலிக்காமல் குழாயை உருவி எடுத்தாள். உணவு நிபுணருக்கு வருத்தம்தான். நடு வந்த பிறகு போகிறார்களே என்று கேமராக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி, சன்னல் பக்கம் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்க வைத்தாள். அடுப்பில் கனமான பாத்திரத்தை ஏற்றினாள். சூடான காற்று, எண்ணெயில்லாமல் என்பதெல்லாம் அவள் மனசில் வந்து போயின. எண்ணெயைத் தாராளமாகவே ஊற்றினாள். சோள முத்தைப் போட்டு மூடிவிட்டு நின்றாள்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இத்தனை நாளும் பாப்கார்னை உள்ளே கொண்டுபோக முடியவில்லையே என்றுதான் அலைந்தாள். கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் சாப்பிடுவாரா என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. இதையும் சாக்பீஸ் என்று சொல்லிவிட்டால், அப்புறம் போய்ச் சண்டை போட ஒரு வாசலும் இல்லை. யாரையும் குறை சொல்லவும் முடியாது. அந்த ஆஸ்பத்திரி இத்தனை நாள் தனக்குச் செய்த ஒரே உபகாரம், இந்தக் கேள்வியை வரவிடாமல் ஓட வைத்ததுதான் என்று தோன்றியது. பாத்திரத்தில் சத்தமே இல்லை. மூடியைத் திறந்து பார்க்கவும் தைரியமில்லை.

ஒன்று வெடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு மளமளவென்று மூடியை முட்டிக்கொண்டு பொரிந்தது. வாசனை அறைக்குள் போயிற்று. கட்டில் கிறீச்சிட்டது. அவர் இந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

அவள் வெண்ணெய் விட்டுக் கிளறி, எவ்வளவு உப்புப் போட்டோம் என்று தெரியாமல் போட்டு, தட்டை அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். பார்த்துக்கொண்டு நிற்க மனசு வரவில்லை. மெஷினுக்குப் போய், தைக்க ஒன்றுமே இல்லாமல் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தாள். நூல் காதில் நுழையவில்லை. பின்னால் வெகு நேரம் சத்தமில்லை. நூலை எச்சிலில் நனைத்து மறுபடி முயன்றாள்.

கறுக்.

அவள் திரும்பவில்லை. கை அப்படியே நின்றது. இன்னும் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வர நேரமானது. வந்தது. அதற்கு அடுத்தது சீக்கிரமே வந்தது.

“இந்தா,” என்றார் டார்ச் அண்ணன். குழாய் உரசிய தொண்டையில் குரல் கரகரத்தது. “உப்பு பத்தல.”

உப்பு ஜாடியை எடுக்க அவள் அடுப்படிக்குப் போனாள். ஜாடி கைக்கெட்டுகிற இடத்தில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி வர அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.